பாதியில் நிற்கும் வேலைக்கு ஓர் இடம்

அன்புள்ள ஐயா,

படுக்கையறையின் ஒரு மூலையைக் கைவேலைக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். பத்தடிக்கு ஆறடி இருக்கும். எம்பிராய்டரி, நீர்வண்ணம், கொஞ்சம் காகித வேலை, எப்போதாவது எண்ணெய் வண்ணம். சென்ற ஆண்டு டப்பாக்களும் இழுப்பறைகளும் வாங்கி எல்லாவற்றையும் வகை பிரித்து அடுக்கி லேபிள் ஒட்டினேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் முன்பு சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்துச் செய்த அளவுக்குக்கூட இப்போது செய்வதில்லை. பொருட்களை எடுத்துவைப்பதிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது. இடம் போதவில்லையா, என் ஆர்வம்தான் வற்றிவிட்டதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆர்வம் வற்றியவர் இப்படி ஒரு கடிதம் எழுதமாட்டார். இடமும் தாராளமாகப் போதும். உங்கள் மூலையில் நூலுக்கு இடம் இருக்கிறது, வண்ணத்துக்கு இடம் இருக்கிறது, காகிதத்துக்கு இடம் இருக்கிறது. பாதி தைத்த துணி எங்கே இருக்கும் என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வகை பிரித்து அடுக்குவது கடைக்காரரின் முறை. கடைக்கு வருகிறவர் ஒரு பொருளைக் கேட்டு வருவார். அவருக்கு அது சரி. நீங்கள் உட்காருவது நேற்று விட்ட இலையின் மிச்சத்தைத் தைக்க. அதற்குத் துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம் ஒரு டப்பாவில், ஊசி இன்னொன்றில், நூல் மூன்றாவதில், கத்தரிக்கோல் இழுப்பறையில், துணி அலமாரியில். ஐந்து மூடிகளைத் திறக்க வேண்டும், எழும்போது ஐந்தையும் மூட வேண்டும். நாற்பது நிமிடம்தான் கிடைக்கும் என்று தெரிந்தால் யாருக்கும் கை போகாது. சாப்பாட்டு மேஜையில் வேலை நடந்ததற்குக் காரணம், அங்கே எல்லாம் விட்ட இடத்திலேயே கிடந்தது.

எனக்குக் கைகொடுப்பது, ட்ரே என்கிறோமே, அந்தத் தட்டுகள். ஒரு வேலைக்கு ஒரு தட்டு; அந்த வேலைக்கு வேண்டிய அத்தனையும் அதற்குள். இதை எழுதும்போது என் எதிரே இருக்கும் தட்டில் ஒரு குறிப்பேடு பாதி தைத்த நிலையில் இருக்கிறது. தாள்களை மடித்துச் சேர்த்த கட்டை மடிப்பு என்போம்; ஏழு மடிப்புகளில் நான்கு முடிந்துவிட்டன. ஐந்தாவதின் நடுவில் ஊசி, நூல் கோத்தபடியே குத்தி நிற்கிறது. பக்கத்தில் மெழுகுத் துண்டு, காகித மடிப்பை அழுத்தும் எலும்பு மடிப்பான், ஒரு துண்டுச்சீட்டு. சீட்டில், 'அடுத்தது: ஐந்தாம் மடிப்பு, மூன்றாம் துளையிலிருந்து' என்று எழுதியிருக்கிறேன். நான்கு நாள் தொடவில்லை. இன்று மாலை தட்டை இழுத்து மேஜையில் வைத்த அடுத்த நொடியே தைக்கத் தொடங்கிவிடலாம்.

உங்கள் எம்பிராய்டரிக்கும் இதேதான். எழும்முன் அடுத்த நிறத்து நூலை வெட்டி, ஆறு இழையிலிருந்து தேவையான இரண்டைப் பிரித்துவைத்துவிடுங்கள். வளையத்தை மட்டும் கழற்றிவிடுங்கள். நாள்கணக்கில் மாட்டியிருந்தால் துணியில் தடம் விழும்.

தட்டு ஏ3 காகித அளவுக்கு, அதாவது 297க்கு 420 மில்லிமீட்டர் இருந்தால், நடுவில் ஒரு ஏ4 வேலையும் சுற்றிலும் கருவிகளும் அடங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக, தட்டுக்குத் தட்டு பத்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அடுக்கினால் அரை மீட்டர் உயரத்தில் ஐந்து தட்டுகள் நிற்கும். ஐந்துக்கு மேல் வேண்டாம். ஆறாவது வேலை மனதில் வந்தால், ஒரு தட்டு காலியாகும்வரை அது காத்திருக்கட்டும். இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். லேபிள் ஒட்டிய டப்பாக்களைத் தூக்கிப்போட வேண்டாம். அவை கிடங்கு, புது வேலை தொடங்கும்போதும் நூல் தீரும்போதும் மட்டும் திறந்தால் போதும்.

இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் வாழ்ந்த ஓவியர் ஜோர்ஜோ மொராண்டி (1890–1964), தான் உறங்கிய அறையிலேயே வரைந்தவர். வாழ்நாளெல்லாம் அதே சீசாக்களையும் குவளைகளையும் மாற்றிமாற்றி வைத்து வரைந்தார். மேஜைமேல் விரித்த காகிதத்தில், ஒவ்வொரு பொருளும் நின்ற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு வைப்பார். கட்டிலும் ஓவியத் தாங்கியும் ஒரே அறையைப் பங்கிட்டுக்கொண்ட அந்த வீட்டை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பென்சில் கோடுகள்தான் கண்முன் வரும். உங்கள் மூலை போதவில்லையோ என்று இனி எழுதாதீர்கள்.

அடுத்து வெளிச்சம். ஜன்னலோரத்தை அலமாரிக்குக் கொடுத்திருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். அது மேஜைக்கு உரியது. வலக்கையால் வேலை செய்கிறவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் தன் கையின் நிழலிலேயே ஊசியைத் தேட நேரும். இரவு விளக்கும் அதே பக்கம். மஞ்சள் விளக்கில் நீலம் மங்கிச் சாம்பலாகத் தெரியும். அந்த வெளிச்சத்தில் கலந்த நிறம் காலையில் வேறாக இருக்கும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் 5000 கெல்வின் அளவிலும், நிறத்தை உண்மையாகக் காட்டும் குறியீடு (CRI) 90க்கு மேலும் உள்ள விளக்காகப் பாருங்கள், பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். முடிந்த ஓவியத்தையும் சாய நூலையும் நேர் வெயிலில் விடாதீர்கள், நிறம் வெளுக்கும்.

சுவரில் அன்றாடம் தொடுகிற கருவிகள் மட்டும் தொங்கட்டும். ஒவ்வொன்றின் உருவத்தையும் பின்பலகையில் கோடிட்டுவிட்டால், வெற்று உருவமே எது திரும்பவில்லை என்று சொல்லிவிடும். துணிக் கத்தரிக்கோலின் பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுங்கள். அதை யாரும் காகிதத்துக்கு எடுக்கக் கூடாது, முனை மழுங்கும். காகிதத்தைப் படுக்கைவாட்டில், ஈரச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கழுவிய தூரிகையை ஈரத்தோடு மயிர் மேலாக நிறுத்தினால் தண்ணீர் உலோகப் பூணுக்குள் இறங்கிப் பசையைத் தளர்த்தும். படுக்கவைத்து உலர்த்தி, பிறகு நிறுத்துங்கள்.

எண்ணெய் வண்ணம் என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். எனக்கு மனம் அங்கேயே நின்றுவிட்டது. உறங்குகிற அறையில், எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனைத் திறக்காதீர்கள். அதன் ஆவியை இரவெல்லாம் சுவாசிக்க நேரும். அதைவிட முக்கியம் தூரிகையைத் துடைத்த துணி. எண்ணெய் வண்ணத்தில் உள்ள ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கிறது. விரித்துப்போட்ட துணியில் அந்தச் சூடு பறந்துவிடும். கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் உள்ளுக்குள்ளேயே ஏறி, ஒரு பொறியும் இல்லாமல் தானாகத் தீப்பற்றக்கூடும். ஆகவே துணியை வெளியே மடிப்பில்லாமல் விரித்து நன்றாகக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் முக்கி வையுங்கள். ஒருநாள்கூடத் தவறாதீர்கள். இது முடியாது என்றால் எண்ணெய் வண்ணத்தை அந்த அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு வாங்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கெட்டியான அட்டைப்பெட்டியின் மூடி ஒன்று போதும். இன்றிரவு பாதியில் நிற்கும் ஒரே ஒரு வேலையை வெளியே எடுத்து, அதற்கு வேண்டியதை மட்டும் உடன் வைத்து, அடுத்த அடி என்ன என்று ஒரு சீட்டில் எழுதி மேலே வையுங்கள். முதலில் எந்த வேலை தட்டேறியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.