சட்டக் கல்லூரி வாசல்: நூலகர் அம்மா பதில்கள்

(தென் மாவட்ட அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் 29 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

அம்மா, பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தேன். இந்த ஆண்டு ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் நடத்துவது பாதிகூடப் புரியவில்லை. என் பெஞ்சில் இருக்கும் இரண்டு பேரும் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் பேசுவதைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. நின்றுவிடலாமா?
– ஒரு மாணவி, திருவண்ணாமலை மாவட்டம்

நிற்காதே மகளே.

உன்னைப் போலவே ஒரு பிள்ளை எங்கள் நூலகத்துக்குத் தினமும் நாலு மணிக்கு வருவாள். ஜன்னலோர மேசைதான் அவள் இடம். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கும். இடப்பக்கம் ஏதாவது ஒரு தீர்ப்பிலிருந்து ஒரு பத்தியை ஆங்கிலத்தில் எழுதுவாள். வலப்பக்கம் அதையே தன் தமிழில் எழுதுவாள். நாளுக்கு ஒரு பத்தி, அவ்வளவுதான். முதல் வாரம் ‘ரெஸ்பாண்டென்ட்’ என்பதற்கு நேரே ‘பதில் சொல்ல வேண்டியவர்’ என்று எழுதியிருந்தாள். ‘எதிர்மனுதாரர்’ என்று திருத்தலாமா என்று நினைத்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன். அவளுக்கு விஷயம் பிடிபட்டிருந்தது. சொல் பின்னால் வரும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் ஆண்டு வந்தபோது அந்த நோட்டின் வலப்பக்கம் பெரும்பாலும் காலியாக இருந்தது. தமிழில் எழுதிப் பார்க்கத் தேவையில்லாமல் போயிருந்தது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பாய். 1951-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன செண்பகம் துரைராஜன் தீர்ப்பை எடுத்துக்கொள். சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்துக் கொடுத்த வகுப்புவாரி அரசாணை பற்றிய வழக்கு அது. ஏழு நீதிபதிகள் சேர்ந்து சொன்ன தீர்ப்பு என்றாலும் சில பக்கங்களில் முடிந்துவிடும். அரசாணை செல்லாது என்றார்கள். அதே ஆண்டில் அரசியலமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, பிற்படுத்தப்பட்டவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவு வந்தது. இந்தக் கதை உன் வீட்டில், தெருவில் ஏதோ ஒரு வடிவத்தில் ஏற்கெனவே பேசப்பட்டிருக்கும். தெரிந்த விஷயத்தைப் புது மொழியில் படிக்கும்போது பயம் பாதி குறையும். யார் கேட்டார், என்ன கேட்டார், நீதிமன்றம் என்ன சொன்னது, ஏன் சொன்னது: இந்த நாலையும் மட்டும் தேடிப் படி.

இன்னொன்று. அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் ஆங்கிலம் வேண்டும். அதைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் முன்சீப் கோர்ட்டில் கூண்டில் ஏறி நிற்கும் சாட்சி தமிழில்தான் பேசுவார். ‘பங்காளி’ என்றால் யார், ‘முறைத்தண்ணீர்’ எப்படிப் பாய்ச்சுவார்கள், வண்டிப்பாதைக்கும் வரப்புக்கும் என்ன வித்தியாசம் என்று உனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குறுக்கு விசாரணையில் அது எவ்வளவு பெரிய பலம் என்று உன் பெஞ்சில் இருக்கும் அந்த இரண்டு பேரின் அப்பாக்களைக் கேட்டுப்பார், அவர்களே சொல்வார்கள். தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் நேரில் போய்க் கேள். சீனியர்கள் சொல்வதை நம்பிக்கொண்டிருக்காதே.

என் மாமா வக்கீலுக்குப் படித்தபோது வாங்கிய இந்திய தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டப் புத்தகங்களை எனக்குக் கொடுத்தார். இப்போது சட்டமே மாறிவிட்டதாமே, பழைய கடையில் போட்டுவிடலாமா?
– மூன்றாண்டுப் படிப்பு மாணவர், கரூர்

போடாதீர்கள் தம்பி. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான். அந்த வழக்குகள் இன்னும் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் ஓடும். 1862-இல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது முதல் வந்த தீர்ப்புகள் எல்லாம் பழைய எண்களில்தான் இருக்கின்றன. புதிய சட்டத்தின் பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்டப் பிரிவுகள் மட்டும் இருக்கும் புத்தகம்) ஒன்று வாங்கி, ஓரத்தில் பென்சிலால் பழைய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318. மாமாவின் புத்தகத்தில் அவர் கோடு போட்ட இடங்களையும் பாருங்கள். தேர்வுக்கு எது முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசி வருடம் படிக்கிறேன். வக்கீலாகப் பதிவு செய்ய ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும் என்கிறார்கள். அப்பா ஆடு விற்றுத்தான் இதுவரை படிக்கவைத்தார்.
– ஒரு மாணவர், சிவகங்கை மாவட்டம்

உங்கள் அப்பாவிடம் இதை இன்றே சொல்லுங்கள். 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வழக்கறிஞர்கள் சட்டத்தில் சொல்லியிருக்கும் கட்டணத்துக்கு மேல் பார் கவுன்சில்கள் பதிவுக்கு வாங்கக் கூடாது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். முத்திரைக் கட்டணம் தனி. அதற்கு முன் கூடுதலாகக் கட்டியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். அதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. பதிவுப் பணம் இல்லாமல் ஒரு வருடம் துணிக்கடையில் வேலை பார்த்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

சிவில் நீதிபதித் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இதையும் கேளுங்கள். 2025 மே மாதத்தில் வந்த தீர்ப்பின்படி மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் மறுபடி கட்டாயமாகியிருக்கிறது. ஆகவே பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். சீனியரிடம் சேர்ந்ததும் அங்கிருக்கும் குமாஸ்தாவிடம் மரியாதையாகப் பழகுங்கள். வக்காலத்தில் ஸ்டாம்ப் எங்கே ஒட்டுவது, ரிட்டர்ன் ஆன மனுவை எப்படித் திரும்பத் தாக்கல் செய்வது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும்.

நான் கௌரவ விரிவுரையாளர். சம்பளம் பற்றி எழுதவில்லை. மூட் கோர்ட் (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்) ரெக்கார்டு நோட்டுகளை மாணவர்கள் வருடா வருடம் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன். வெட்கமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம்

அய்யா, வெட்கப்படுகிற ஆசிரியர் அந்தக் கல்லூரிக்கு வேண்டும். பார் கவுன்சில் விதிப்படி அந்தத் தாளில் மூன்று மாதிரி வழக்குகளுக்கு 30 மதிப்பெண். ஒரு சிவில், ஒரு கிரிமினல் என்று இரண்டு விசாரணைகளை நேரில் பார்த்து எழுதுவதற்கு இன்னொரு 30. இந்த இரண்டாவதை மட்டுமாவது இந்த ஆண்டு உண்மையாக நடத்திவிடுங்கள். பத்துப் பத்துப் பேராக, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். காலை பத்தரைக்குப் பெயர் கூப்பிடும்போதே உள்ளே இருக்க வேண்டும். சாட்சி சொன்னதில் மூன்று வாக்கியத்தை அப்படியே எழுதி வரச் சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் வேறு வேறு வாக்கியம் எழுதுவார்கள், அதனால் காப்பி அடிக்க முடியாது.

எங்கள் கல்லூரியில் மூட் கோர்ட் அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி இரண்டு வருடம் பூட்டி வைத்திருந்தார்கள். கடிதம் எழுதிப் பார்த்தேன், பதில் இல்லை. ஒரு சனிக்கிழமை நானும் வாட்ச்மேனும் ஆறு மாணவர்களும் சேர்ந்து அத்தனை பெஞ்சையும் பின்பக்க வராந்தாவுக்குத் தூக்கினோம். நீதிபதி மேசை மேல் இருந்த தூசியை ஒரு பெண் தன் துப்பட்டாவால் துடைத்தாள். பிறகு அந்த நாற்காலியில் உட்காராமல், எதிரே வக்கீல் நிற்கும் இடத்தில் போய் நின்று, “மை லார்ட்” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். திங்கட்கிழமை முதல் அந்த அறையின் சாவி நூலகத்தில் என் மேசை டிராயரில் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.