வேகம் மாறாமல் வட்டத்தில் சுற்றும் பொருளுக்கு முடுக்கம் உண்டா? அதை எப்படிக் கணக்கிடுவது?

உண்டு. முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். வட்டப் பாதையில் வேகத்தின் அளவு மாறாவிட்டாலும், அதன் திசை கணந்தோறும் மையத்தின் பக்கம் வளைந்துகொண்டே இருப்பதால், மையத்தை நோக்கிய முடுக்கம் எப்போதும் இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும்.

பாடநூல்களில் வரும் கயிற்றில் கட்டிய கல்லைவிட நிலவே இதற்குச் சுவையான எடுத்துக்காட்டு என்பேன். அதன் பாதையை வட்டமாகக் கொண்டால் ஆரம் சுமார் 3,84,400 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு 27.32 நாள், அதாவது ஏறத்தாழ 23,60,000 விநாடி. சுற்றளவை இந்த நேரத்தால் வகுத்தால், வேகம் விநாடிக்குச் சுமார் 1,023 மீட்டர். இதை வர்க்கப்படுத்தி, மீட்டருக்கு மாற்றிய ஆரத்தால் வகுத்தால் (மாணவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இந்த மாற்றத்தில்தான்) 0.00272 மீ/வி² வருகிறது.

பூமியின் மேற்பரப்பில் விழும் பொருளின் முடுக்கமான 9.8 மீ/வி²-இல் இது ஏறத்தாழ 3,600-இல் ஒரு பங்கு. நிலவோ, பூமியின் மையத்திலிருந்து பூமியின் ஆரத்தைப்போல் சுமார் 60 மடங்கு தொலைவில் இருக்கிறது; 60-இன் வர்க்கம் 3,600. ஈர்ப்பு, தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பதை நியூட்டன் சோதித்துப் பார்த்தது இந்தக் கணக்கை வைத்துத்தான்.