என்.சி.சி.யில் சேர்த்தால் மகள் கறுத்துவிடுவாளா?

கேள்வி: மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். எங்களைக் கேட்காமலே என்.சி.சி.க்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். வெயிலில் நின்று கறுத்துப் போவாள், படிப்பும் கெடும் என்று அவள் அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். நாளைக்குப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று மாமியாருக்கு வேறு பயம். சேர்க்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் மாமியாரின் பயத்தைத் தீர்த்துவிடலாம், அதுதான் சுலபம். 1948-ல் சட்டம் போட்டு என்.சி.சி.யைத் தொடங்கியபோதே, இதில் சேர்ந்ததற்காக யாரும் ராணுவத்தில் பணியாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை என்று தெளிவாக வைத்துவிட்டார்கள். விருப்பம் இருந்தால் போகலாம், அவ்வளவுதான்.

படிப்பு விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போடட்டும். பள்ளியில் ஜூனியர் பிரிவு இரண்டே வருடம்தான், எட்டில் சேர்ந்தால் ஒன்பதோடு முடிந்துவிடும், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரும்போது உங்கள் மகள் பரேடை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். இந்த இரண்டு வருடத்தில் முக்கால்வாசிப் பரேடுக்காவது வந்திருக்க வேண்டும், ஒரு முகாமுக்குப் போயிருக்க வேண்டும், அப்போதுதான் 'ஏ' சான்றிதழ் தேர்வு எழுத விடுவார்கள். முகாம் பத்து நாள் போல நடக்கும். வீட்டை விட்டுப் போய்த் தங்கி, தன் துணியைத் தானே துவைத்து, வரிசையில் நின்று சாப்பாடு வாங்கி, தெரியாத ஊர்ப் பெண்களோடு பக்கத்துப் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டு வருகிற பிள்ளையை அதற்கப்புறம் பஸ்ஸில் தனியாக அனுப்ப நீங்கள் யோசிக்க மாட்டீர்கள்.

சான்றிதழால் என்ன லாபம் என்று அடுத்துக் கேட்பீர்கள். உள்ளதைச் சொன்னால், 'ஏ' சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் கிடைத்துவிடாது. கல்லூரியிலும் தொடர்ந்து 'பி', பிறகு 'சி' என்று போனால்தான் கதை மாறும். 'சி' சான்றிதழும் பட்டப்படிப்பில் தேவையான மதிப்பெண்ணும் இருந்தால், ராணுவ அதிகாரி ஆவதற்கான என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு கிடையாது, நேராக நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். பெண்களுக்கும் உண்டு. அதில் தேறுகிறவர்கள் பயிற்சிக்குப் போகிற இடங்களில் ஒன்று சென்னையில் இருக்கிற நம்ம பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிதான், 1992-லிருந்து பெண்களும் அங்கே பயிற்சி பெற்று அதிகாரிகளாகிறார்கள்.

கறுத்துப் போவது பற்றி: ஆமாம், கறுப்பாள். கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பிளஸ் ஒன்னில் என்.எஸ்.எஸ். சேர்ந்தேன். சேர்ந்ததிலிருந்து மைதானத்தில் குப்பை பொறுக்குவதும், சிறப்பு விருந்தினர் வருகிறார் என்றால் நாற்காலி தூக்குவதும்தான் வேலை. இதுதான் நாட்டு நலப்பணியா?
- ஒரு மாணவர், அறந்தாங்கி

பதில்: நாற்காலி தூக்குவது இல்லாத மன்றம் தமிழ்நாட்டில் கிடையாது தம்பி, அதை விடுங்கள். ஆனால் உங்கள் கேள்வி நியாயமானது. 1969-ல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது, பிறகுதான் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரச் சேவை, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். அந்த 120 மணி நேரமும் மைதானத்திலேயே கழிந்தால் உங்கள் பள்ளி மைதானம் இந்நேரம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்க வேண்டுமே!

திட்ட அலுவலராக இருக்கும் ஆசிரியரிடம் புகாராகப் போகாமல் ஒரு வேலையோடு போங்கள். அவருக்கும் பாடம் நடத்துகிற சுமை இருக்கிறது, புதிதாக யோசிக்க நேரமில்லாமல்தான் துடைப்பத்தைக் கையில் கொடுக்கிறார். முகாம் போகிற ஊரில் முதியோர் உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத பாட்டிகள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி, விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம். ஊர்க்காரர்களின் ரத்த வகைப் பட்டியல் ஒன்று தயார் செய்து ஊராட்சி அலுவலகத்தில் வைக்கலாம். நான்கு பேர் சேர்ந்து, யார் எந்தத் தெருவுக்குப் போவது என்பது வரைக்கும் எழுதிக் கொண்டுபோனால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்.

கேள்வி: அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் மகனின் கால அட்டவணையில் இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், வானவில் மன்றம் எல்லாம் இருக்கிறது. அந்த நேரத்தில் நடப்பதோ கணக்குப் பாடம். விளையாட்டு பீரியடும் அப்படித்தான் போகிறது. யாரிடம் சொல்வது?
- ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: கணக்கு ஆசிரியருக்கும் பி.இ.டி. பீரியடுக்கும் உள்ள உறவு நம் காலத்திலிருந்தே இப்படித்தான் இருக்கிறது! வானவில் மன்றம் 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்டது, ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகள் அறிவியல், கணிதத்தைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே. கணக்குக்கென்றே ஒரு மன்றம் இருக்கும்போது அந்த நேரத்தில் கரும்பலகைக் கணக்குப் போட்டால் எப்படி?

தலைமை ஆசிரியரிடம் தனியாகச் சண்டை போடாதீர்கள், உங்கள் பையன் தலையில்தான் விடியும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். நான்கைந்து பெற்றோராகச் சேர்ந்து கேட்டு, கேட்டதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வையுங்கள். எழுத்தில் ஏறிவிட்டால் அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: பேச்சுப் போட்டிக்கு மகனுக்கு நானே எழுதிக் கொடுக்கலாமா?
- ஒரு தந்தை, தேனி

பதில்: கொடுக்கலாம். நடுவர்கள் உங்களுக்குத்தான் மதிப்பெண் போடுவார்கள், அதுவும் குறைவாக.