பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்குங்கள்: ஆங்கிலச் சொல்லிணைகளைப் பழகும் முறை

சுற்றுலா விடுதியாக மாற்றப்பட்ட செட்டிநாட்டு வீடு ஒன்றில், வெளிநாட்டு விருந்தினருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் பணியில் இருக்கும் கானாடுகாத்தான் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரிகிறது. ஆனால் இரண்டைச் சேர்த்துப் பேசும்போது கேட்பவர்கள் சற்றுத் தயங்குகிறார்கள். எந்தச் சொல்லோடு எது சேரும், அதை வாக்கியத்தில் எப்படி அமைப்பது?"

இது சொற்கள் ஒன்றோடொன்று பழகிய பழக்கத்தைச் சார்ந்தது. இலக்கண விதிகளை மட்டும் படித்து இதைத் தீர்க்க முடியாது. நாம் கோலத்தைப் போடுகிறோம், விளக்கை ஏற்றுகிறோம், பணியாரத்தைச் சுடுகிறோம், கும்மாயத்தைக் கிண்டுகிறோம். இவை அனைத்துக்கும் 'செய்' என்ற ஒரே வினையைக் கொண்டு ஒருவர் பேசினால், அவர் சொல்வது விளங்கும் என்றாலும் தமிழ் அவருக்குப் புதிது என்பதும் விளங்கிவிடும். ஆங்கிலத்தில் இத்தகைய சேர்க்கையைக் 'கொலொகேஷன்' என்பர். பிரிட்டன் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1950களில் இக்கருத்தை வலியுறுத்தினார்.

தமிழில் பலத்த மழையும் உண்டு, பலத்த காற்றும் உண்டு. ஆங்கிலம் இவற்றைப் பிரித்து, மழைக்கு 'ஹெவி ரெயின்' என்றும் காற்றுக்கு 'ஸ்ட்ராங் விண்ட்' என்றும் சொல்கிறது. இதே இணையை வினையாக மாற்றும்போது 'இட் ரெயின்ட் ஹெவிலி' என்று வடிவமும் இடமும் மாறுகின்றன. ஆகவே ஓர் இணையைப் படிக்கும்போது அதன் இரண்டு வடிவங்களையும் சேர்த்தே படிப்பது நல்லது.

பெரும்பாலான தடுமாற்றம் வினைச்சொல்லில்தான் நேர்கிறது. 'போட்டோ எடு' என்பது 'டேக் எ ஃபோட்டோ' என அப்படியே பொருந்துகிறது. 'கவனம் செலுத்து' என்பதும் 'பே அட்டென்ஷன்' என வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. ஆனால் 'லைட்டைப் போடு' என்பதை 'புட் தி லைட்' என்று சொல்லக் கூடாது. 'டர்ன் ஆன் தி லைட்' என்பதே வழக்கு. தவறு செய்வது 'மேக் எ மிஸ்டேக்', வீட்டுப்பாடம் செய்வது 'டூ ஹோம்வொர்க்'. இந்த இரண்டிலும் இன்னொரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: முதலாவதில் 'எ' வருகிறது, இரண்டாவதில் வருவதில்லை. 'ப்ராக்ரஸ்', 'அட்வைஸ்' ஆகியவையும் எண்ணிக்கைக்கு உட்படாதவை என்பதால் 'எ' ஏற்காமல் 'மேக் ப்ராக்ரஸ்', 'கிவ் அட்வைஸ்' என்றே நிற்கும். எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்வதானால் 'பே அட்டென்ஷன்' என்பதற்குப் பின் 'டு' வர வேண்டும்: 'ப்ளீஸ் பே அட்டென்ஷன் டு தி கார்விங்ஸ்'. அந்த 'டு' இல்லாவிட்டால் 'தி கார்விங்ஸ்' வாக்கியத்தோடு ஒட்டாது.

உங்கள் பணிக்கு மிகவும் தேவைப்படும் இணை 'மேட் ஆஃப்', 'மேட் ஃப்ரம்' என்பதுதான் என்பது என் கருத்து. மூலப்பொருள் அடையாளம் மாறாமல் கண்ணுக்குத் தெரிந்தால் பெரும்பாலும் 'ஆஃப்': 'தீஸ் பில்லர்ஸ் ஆர் மேட் ஆஃப் பர்மா டீக்'. மூலப்பொருள் கலந்து உருமாறி வேறொன்றாகியிருந்தால் 'ஃப்ரம்': 'ஆத்தங்குடி டைல்ஸ் ஆர் மேட் ஃப்ரம் சிமென்ட் அண்ட் ஸாண்ட்'. கையால் செய்தவை என்று சொல்ல 'மேட் பை ஹேண்ட்', ஊரைச் சொல்ல 'மேட் இன் ஆத்தங்குடி'. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நடந்து காட்டும் ஒரு சுற்றிலேயே இந்த நான்கையும் இயல்பாகப் பயன்படுத்திவிடலாம்.

'அண்ட்' சேர்த்து வரும் இணைகளில் வரிசையை மாற்றாதீர்கள். நாம் 'போக்குவரத்து' என்று போவதை முன்னால் வைக்கிறோம். அவர்கள் 'கம் அண்ட் கோ' என்று வருவதை முன்னால் வைக்கிறார்கள்.

கற்கும் முறையில் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். ஆங்கிலம் கற்போருக்கான அகராதியில் வினைச்சொல்லைத் தேடாமல் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள்; பேசுபவருக்கு மனத்தில் முதலில் தோன்றுவது 'மிஸ்டேக்' என்ற பெயர்ச்சொல்தான், அதற்குரிய வினை எது என்பதே ஐயம். அங்கே காணும் எடுத்துக்காட்டு வாக்கியத்தை 'எ', 'டு' உட்பட முழுமையாகக் குறிப்பேட்டில் எழுதி, அதன் கீழே உங்கள் வீட்டின் தூணையோ தரையையோ வைத்து நீங்களே ஒரு வாக்கியம் அமைத்து, அடுத்து வரும் விருந்தினரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.