கணவர் பக்கத்திலேயே என்னை அடக்கம் செய்வார்களா?

லண்டனில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பல வருடங்களுக்கு முன் ரிஃபார்ம் எனப்படும் சீர்திருத்தப் பிரிவு ரபிக்கள் (யூத மதகுருக்கள்) முன்னிலையில் யூத மதத்துக்கு மாறியவர், சான்றிதழும் வைத்திருக்கிறார். கணவர் பிறப்பால் யூதர், யுனைடெட் சினகாக் என்ற அமைப்பின் உறுப்பினர் (சினகாக் என்றால் யூத வழிபாட்டு இல்லம்). புஷி கல்லறைத் தோட்டத்தில் தன் பெற்றோருக்கு அருகே தன்னை அடக்கம் செய்யும்படி உயில் எழுதியிருக்கிறார். "உங்களுக்கு அங்கே இடம் தரமாட்டார்கள்" என்று கொழுந்தனார் சொல்லிவிட்டாராம். வழக்குப் போடலாமா என்று வாசகி கேட்கிறார்.

அம்மா, கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் கொழுந்தனார் சொன்னது சரிதான். புஷி யுனைடெட் சினகாக்கின் இடம், அது ஆர்த்தடாக்ஸ், அதாவது பழைய மத விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் அமைப்பு. யார் யூதர் என்பதில் லண்டன் பெத் தின் என்ற ரபிக்கள் மன்றம் சொல்வதுதான் அங்கே முடிவு. நீங்கள் எத்தனை வருடம் யூத முறைப்படி வெள்ளிக்கிழமை விளக்கேற்றியிருந்தாலும் ரிஃபார்ம் மதமாற்றத்தை அந்த மன்றம் ஏற்பதில்லை.

வழக்கு என்றதும் 2009-ல் வந்த ஜே.எஃப்.எஸ். என்ற லண்டன் யூதப் பள்ளி பற்றிய தீர்ப்பைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். தாயின் மதமாற்றம் செல்லாது என்று மகனுக்கு இடம் மறுத்தது இனப் பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி, அங்கே பார்க்கப்பட்டது பையனின் தாய்வழி. உங்கள் விஷயத்தில் கேள்வியே உங்கள் சொந்த மதமாற்றம் செல்லுமா என்பதுதான். அதற்குள் இங்கிலாந்து நீதிமன்றங்கள் நுழைய மாட்டா, 2010 சமத்துவச் சட்டமும் மத அமைப்புகளுக்கு மத அடிப்படையில் விலக்கு தருகிறது. ஜெயிக்கும் வழக்கு என்று எனக்குப் படவில்லை, பணத்தையும் நிம்மதியையும் இதில் போடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: உங்கள் கணவரின் உயிலில் நிறைவேற்றுநர் (உயில்படி காரியங்களை நடத்த நியமிக்கப்பட்டவர்) யார்? இங்கிலாந்தில் இறந்தவரின் உடல் யாருடைய சொத்தும் இல்லை, எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தாலும் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது (1882-லேயே வில்லியம்ஸ் வழக்கில் இப்படித் தீர்ப்பாகிவிட்டது). முடிவெடுக்கும் உரிமை நிறைவேற்றுநருக்கு. அது கொழுந்தனார் என்றால், பிற்பாடு அவரோடு மல்லுக்கட்ட உங்களுக்கு நேரமே இருக்காது, ஏனென்றால் யூத வழக்கப்படி ஓரிரு நாளில் அடக்கம் முடிந்துவிடும். அப்புறம் தோண்டி எடுத்து மாற்ற வேண்டுமென்றால் அரசு உரிமம் வேண்டும், கிடைப்பது லேசில்லை. உயில் கல்யாணத்துக்கு முன் எழுதியதா என்றும் பாருங்கள், அந்தக் கல்யாணத்தை எதிர்பார்த்து எழுதியதாக இல்லாவிட்டால் கல்யாணத்தோடு அது ரத்தாகியிருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? ஆர்த்தடாக்ஸ் முறையில் மறுபடியும் மாறுவது ஒரு வழி, ஆனால் அதற்கு வருடக்கணக்காகும், வீட்டில் இருவரும் அந்த நியமங்களோடு வாழ வேண்டும், கல்லறை இடத்துக்காக மட்டும் என்றால் பெத் தின் சம்மதிக்காது. கணவர் கோஹேன் எனப்படும் யூதப் பூசாரிப் பரம்பரையா என்று முதலில் கேளுங்கள். கோஹேன் மதம் மாறிய பெண்ணை மணக்கக் கூடாது என்பது அவர்கள் விதி, அப்படியானால் இந்த வழி அநேகமாக மூடிவிட்டது.

என் யோசனை, இருவரையும் ஏற்கும் ரிஃபார்ம் சினகாக்கில் இருவரும் சேர்ந்து அதன் அடக்கத் திட்டத்தில் பதிவு செய்வது. அது குறைந்த யூத அடக்கம் ஆகிவிடாது. உடலைக் கழுவித் தூய்மை செய்வது, சாதாரண மரப்பெட்டி, இறந்தவருக்காகச் சொல்லும் கடிஷ் ஜெபம் எல்லாம் உண்டு. கோல்டர்ஸ் கிரீனில் ஹூப் லேன் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நாள் அவரைக் கூட்டிப் போங்கள். ஒரு பக்கம் ரிஃபார்ம் கற்கள் நிமிர்ந்து நிற்கும், மறுபக்கம் ஸ்பானிய, போர்த்துகீசிய யூதர்களின் கற்கள் தரையில் படுத்திருக்கும். இருவருமே அங்கே யூதர்கள்தான்.

பெற்றோர் பக்கத்தில் என்ற ஆசையை அவர் விட வேண்டியிருக்கும், அது அவர் மனதார எடுக்க வேண்டிய முடிவு, சட்டத்தைக் காட்டி நெருக்காதீர்கள். சம்மதித்தால் உயிலைத் திருத்தி உங்களையோ பிள்ளையையோ நிறைவேற்றுநராக்கச் சொல்லுங்கள், நீங்களும் ஓர் உயில் எழுதுங்கள். இருவருக்கும் அடுத்தடுத்த இடம் என்று அந்த அடக்கத் திட்டத்தை நடத்துபவர்களிடம் எழுத்தில் வாங்கி, உங்கள் மதமாற்றச் சான்றிதழின் நகலோடு ஒரே உறையில் போட்டு நிறைவேற்றுநரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.