நர்ஸ் சொன்ன ‘வீ’யில் யார் யார்?

லண்டனில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது நர்ஸ் வந்து “ஹவ் ஆர் வீ ஃபீலிங் டுடே?” (இன்று நாம் எப்படி இருக்கிறோம்?) என்று கேட்டதும், ‘இவருக்கும் உடம்பு சரியில்லையோ’ என்று குழம்பியதாக எழுதியிருந்தீர்கள். அந்த ‘வீ’ முழுக்க நீங்கள்தான். உங்கள் வலியில் நானும் துணையாக இருக்கிறேன் என்று காட்டும் பேச்சு அது. குழந்தையிடம் பேசுவதுபோல் இருக்கிறது என்று ஆங்கிலம் பேசுபவர்களிலேயே சிலர் எரிச்சல்படுவார்கள். அதனால் நீங்கள் இப்படி யாரையும் விசாரிக்க வேண்டாம்.

நமக்குத்தான் நாம், நாங்கள் என்று இரண்டு இருக்கிறதே. கேட்பவர் உள்ளேயா வெளியேயா என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘வீ’. இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். சோபாவை விட்டு எழாத கால்பந்து ரசிகர்கூட ‘வீ வன்’ (நாங்கள் ஜெயித்துவிட்டோம்) என்பார்! ஓரிடத்தில் மட்டும் வித்தியாசம் எட்டிப்பார்க்கும்: ‘லெட்ஸ் கோ’ என்றால் நாம் போகலாம், பிடித்து வைத்திருப்பவரிடம் ‘லெட் அஸ் கோ’ என்றால் எங்களை விடுங்கள்.

சரி, பதில் என்ன சொல்வது? ‘ஐ ஆம் மச் பெட்டர், தேங்க்யூ’ போதும். நீங்களும் ‘வீ’ போட்டுத் தொடங்கினால் நர்ஸ் சிரித்துவிடுவார்.