சிக்னலில் நின்றால் எஞ்சின் சூடாகிறது, ஹைவேயில் சரியாகிவிடுகிறது. ஏன்?

நீங்கள் சொன்ன அறிகுறியே பாதி பதில். ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரை (எஞ்சின் சூட்டை வெளியேற்றும் பாகம்) குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை ஃபேனுடையது. அதனால் முதலில் ஃபேனைப் பாருங்கள்.

வண்டியை ஐடிலில் விட்டு ஏசி போடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனே ஃபேன் சுற்றும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள், அப்புறம் ரிலேவை (ஃபேனுக்கு கரண்ட் விடும் மின்சுவிட்ச்). அதே எண்ணுள்ள வேறு ரிலே ஃபியூஸ் பெட்டியில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் மோட்டாருக்கு நேரடியாக பேட்டரி கரண்ட் கொடுத்தும் சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. என் வண்டியில் இப்படித்தான் கண்டுபிடித்தேன். கார்பன் பிரஷ் தேய்ந்து கடுகளவுதான் மிச்சமிருந்தது.

ஃபேன் நன்றாக இருந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவைப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு மட்டும்! சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

டெம்பரேச்சர் முள் ஏறியும் ரேடியேட்டரின் ஒரு ஹோஸ் சூடாக, மற்றொன்று குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம். ஆனால் அது ஹைவேயிலும் சூடேற்றும், உங்கள் கதை அது இல்லை.

ஆயில் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பால் கலந்த டீ நிறம் தெரிந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) போய், கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம். அப்போது ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுபோங்கள்.